கூண்டு ஏறிய நாளில் கடலுக்குப் போன சந்தியாகுவுக்கு

என் பிரியமுள்ள சந்தியாகு,

மூன்று வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். கடற்கரைச் சாலையில் நடக்கப் போனால் பாதி தூரத்தில் திரும்பிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதற்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

இதை நம் கல்லூரி ஆண்டு மலரில் போடுவதாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளையும் நான் சொல்லியாக வேண்டும். இப்போது படிக்கிற பையன்களுக்கு உன்னைத் தெரியாதே. பொறுத்துக்கொள்.

பொருளாதாரமும் நிதியும் படிக்க வந்த நம் வகுப்பிலிருந்து இரண்டு பேரை ஒரு புதிய ஏற்பாட்டுக்குப் பொறுக்கினார்கள். ஆறு மாதம் பாளையங்கோட்டையில் வகுப்பு, ஆறு மாதம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜண்டு கம்பெனியில் வேலை. புத்தகத்தில் படித்ததை ஆபீசில் பார்க்க வேண்டும்; ஆபீசில் பார்த்ததைக் கட்டுரையாக்கிக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும். முடிவில் கம்பெனி மானேஜர் நற்சான்று கொடுத்தால்தான் பட்டம். ஆனால் கம்பெனி நமக்கென்று ஒதுக்கியது ஒரே ஒரு நாற்காலி. நீ அதில் உட்கார்ந்திருந்தால் நான் வகுப்பில் இருப்பேன். நான் வந்தால் நீ வகுப்புக்குப் போவாய்.

ஆழ்வார்திருநகரிப் பக்கம் நெல்வயலில் வளர்ந்தவன் நான். நீ ஆறு கடலில் சேருகிற புன்னைக்காயல். இரண்டு ஊருக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு, "நீங்க குளிச்சு விட்ட தண்ணிதாம்ல எங்களுக்கு வருது" என்றாய். அதற்குப் பிறகுதான் நமக்குள் சிநேகம் ஏற்பட்டது என்று நினைக்கிறேன்.

சேர்ந்து இருந்த நாட்கள் எத்தனை? ஆறு மாதத்துக்கு ஒரு நாள், நாற்காலி கைமாறும்போது. மற்றபடி நம் பேச்செல்லாம் ஆபீஸ் மேசை இழுப்பறையில் கிடந்த அந்த நோட்டில்தான். நீ எழுதி வைத்துவிட்டுப் போவாய், நான் ஓரத்தில் பதில் எழுதுவேன். யாரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், எந்தக் குமாஸ்தாவுக்கு மத்தியானத்தில் கோபம் வரும், கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்தினால் யார் சிரிப்பார்கள், எல்லாம் அதில் இருந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம். நாற்காலி கைமாறும் ஒரு நாள், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நீ ஆரம்பித்தாய். நம் கடலில் கரையோரம் ஆழம் போதாது; கப்பல்கள் நாலைந்து மைல் தள்ளி நங்கூரம் போடும், சரக்கெல்லாம் தோணியில்தான் போய் வரும். இது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும் அதில் ஒரு கேள்வி வந்தது.

"ஏலே பெருமாளு, தோணியில ஏத்துற பஞ்சுப் பொதிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. தோணிக்கும் இருக்கு. தோணியில நிக்கிற ஆளுக்கு மட்டும் ஏம்ல இல்ல?"

நான் புத்தகத்திலிருந்து பதில் சொன்னேன். ஆபத்தான வேலை என்றால் அதற்கான ஈடு கூலியிலேயே சேர்ந்திருக்கும் என்றேன். நீ சிரிக்கவில்லை. அதை எழுதினவர் தோணியில் ஏறியிருக்கிறாரா என்று கேட்டாய். அந்த முறை ஆபீசுக்குப் போனது நீ. அதையே கட்டுரைப் பொருளாக எடுத்துக்கொண்டாய்.

நடுவில் ஒருநாள், நீ எழுதிய பக்கங்களைத் தபாலில் எனக்கு அனுப்பினாய். நன்றாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே வாசித்தேன். கடைசியில் ஓரத்தில் இப்படி எழுதித் திருப்பி அனுப்பினேன்: "இதெல்லாம் தோணிக்காரர்கள் சொன்னது. நீ ஏறிப் பார்த்தாயா?" கடலோரத்தில் பிறந்தவனிடம், நீச்சல் கூடச் சரியாகத் தெரியாத நான் கேட்ட கேள்வி.

பத்தே நாளில் தந்தி வந்தது. நீ சரக்குத் தோணியில் கப்பலுக்குப் போனாய் என்றும், அலை தோணியைத் தூக்கிக் கப்பலின் பக்கத்தில் அடித்ததில் நீயும் இன்னும் இரண்டு ஆட்களும் நடுவில் சிக்கிக்கொண்டீர்கள் என்றும் பிறகு தெரிந்தது. நீந்தத் தெரிந்தவனுக்கு அங்கே நீச்சலால் என்ன பிரயோசனம்? தோணியை நடத்திப் போன தண்டல் கஸ்பார் மட்டும் கயிற்றைப் பிடித்துத் தப்பினார். புன்னைக்காயல் மாதா கோயிலில் உன் சவப்பெட்டிக்குப் பின்னால் கடைசி வரிசையில் நின்றேன். உன் அம்மாவின் பக்கத்தில் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

உன் நாற்காலிக்கு என்னை உடனே வரச் சொன்னார்கள். முதல் நாள் என் கையில் கொடுத்த முதல் வேலை எது தெரியுமா? அந்தத் தோணியில் போன பஞ்சுப் பொதிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கும் கடிதம். வேண்டுமென்றே என்னிடம் கொடுத்தார்கள் என்று நினைக்காதே. அது அந்த நாற்காலியில் இருப்பவன் செய்கிற வேலை, அவ்வளவுதான்.

இழுப்பறையைத் திறந்தால் நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து. துறைமுகக் கம்பத்தில் காலையிலேயே புயல் கூண்டு ஏறிவிட்டது, கப்பல் ஒரு நாள் கூட நின்றால் தண்டம் கட்ட வேண்டும் என்பதால் தோணியை அனுப்புகிறார்கள், நானும் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அதன் கீழே, "பெருமாளுக்கு இனிமேல் வாய் திறக்க முடியாது" என்றும் எழுதியிருந்தாய். விளையாட்டாகத்தான் எழுதினாய், தெரியும்.

கூண்டு ஏறின பிறகு அனுப்பிய சரக்குக்கு நஷ்டஈடு கிடையாது. தலைமைக் குமாஸ்தா சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் நோட்டைக் காட்டினேன். உனக்குத் தெரியுமே, கெட்ட மனுஷர் இல்லை. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நோட்டை மூடினார்.

"ஏலே, இத உள்ள வையி. மானேஜர் கையெழுத்து இல்லாம உனக்குப் பட்டம் இல்ல. செத்தவன் திரும்பி வரப் போறதும் இல்ல. கடல் திடீர்னு மாறிட்டுன்னு எழுது" என்றார்.

எழுதினேன், சந்தியாகு. 'எதிர்பாராத விதமாகக் கடல் கொந்தளித்ததால்' என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். அண்ணாச்சி ஒரு வார்த்தை கூட மாற்றவில்லை. மானேஜர் பாராட்டினார்.

எட்டாம் நாள் உன் அம்மா ஆபீசுக்கு வந்தார்கள். நீ ஆணியில் மாட்டிவிட்டுப் போன குடையையும் ஒரு சட்டையையும் வாங்கிப்போக வந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றார்கள்.

"எய்யா, எம் மவனைப் பத்தி நீதான் கடுதாசி எழுதுனியாமே. என்ன எழுதிருக்க, வாசிச்சுக் காட்டு" என்றார்கள்.

பஞ்சைப் பற்றித்தான் எழுதினேன், உன்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? நகலை எடுத்துத் தமிழில் சொன்னேன். எதிர்பாராத விதமாக என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்கள்.

"எதிர்பாராமயா? எம் மவன் வானத்தைப் பாத்தான்னா ராத்திரி காத்து எங்கன திரும்பும்னு சொல்லுவான். அவங்க அப்பா சிப்பி எடுக்க முங்குனவரு. கடலு தெரியாம செத்தான்னு எழுதிருக்கியே, ஒனக்கு அவன் யாரு?"

அவர்கள் அழவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். ஆபீசில் எல்லாரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நானும் எதையோ எழுதினேன். எதை என்று இன்று வரை ஞாபகம் வரவில்லை.

அந்த வாரமே இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். நான் நோட்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். நான் எழுதிய கடிதம் பொய் என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதனால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். உனக்காகச் செய்தேனா, உன் அம்மாவின் முகத்தை மறப்பதற்காகச் செய்தேனா? இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது.

துறைமுக ஆபீசில் விசாரணை வைத்தார்கள். தண்டல் கஸ்பார், போக வேண்டாம் என்று தான் சொன்னதாகவும், போகாவிட்டால் நாளையிலிருந்து வேறு தோணிக்குத்தான் வேலை என்று கம்பெனியில் மிரட்டியதாகவும் சொன்னார். கூண்டைக் கண்ணால் பார்த்த வேறு யாராவது உண்டா என்று கேட்டபோது பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்து நின்றார். தானும் பார்த்ததாகச் சொல்லிவிட்டு யாரையும் பாராமல் வெளியே போய்விட்டார். அவருக்கு நாலு பெண்கள் என்று உனக்குத் தெரியும்.

நஷ்டஈடு கிடைக்கவில்லை. அண்ணாச்சியை வெளியூரில் சரக்கு அடைக்கிற கிட்டங்கிக்கு மாற்றினார்கள். நம் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். கல்லூரியின் ஏற்பாடும் அதோடு நின்றது. எனக்கு நற்சான்று இல்லை. இன்னும் ஒரு வருஷம் எல்லாரோடும் உட்கார்ந்து படித்துச் சாதாரணப் பட்டம்தான் வாங்கினேன். உன் கட்டுரையை உன் பெயரிலேயே கல்லூரியில் சேர்த்தேன். அதில் என் ஓரக் குறிப்பை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

இப்போதைய சங்கதி சொல்கிறேன். சுதந்திரம் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் நம்மவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆழ்கடல் துறைமுகம் வேண்டும் என்று கூட்டம் போடுகிறார்கள். விசாரணைக்குப் பிறகு துறைமுக ஆபீசில், கூண்டு ஏறினால் தோணி எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறார்கள். உன்னால் வந்தது என்று நான் பெருமையாக இருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தண்டல் கஸ்பார் என்னைச் சாலையில் நிறுத்தினார். கூண்டு ஏறி நான்காவது நாள் அது. கரையில் தோணிகள் வரிசையாகக் கிடந்தன.

"உசிரு தப்புது தம்பி, இல்லங்கல. நாலு நாளா அடுப்பு எரியலயே, அதுக்கு உங்க படிப்புல என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார்.

அன்று தொடங்கியதுதான் இந்த நடை, இந்தத் தவிப்பு. கடலில் இருந்த ஆபத்தைத் தூக்கி அவர் வீட்டு அடுப்பில் வைத்துவிட்டோமா? கப்பல் நின்றால் அதற்கு ஈடு உண்டு. பொதி நனைந்தால் ஈடு உண்டு. ஆள் சும்மா நிற்கிற நாளை யார் ஏற்பது? நீ இருந்திருந்தால் இதற்குள் எழுதி முடித்திருப்பாய். எனக்கு முதல் வரி கூட வரவில்லை.

சென்னைக் கடிதம் அந்த இன்ஷூரன்ஸ் அதிகாரியிடமிருந்து வந்தது. அவருடைய ஆபீசில் எனக்கு வேலை தருகிறாராம். உண்மையைச் சொல்லித் தன் நஷ்டத்தைத் தானே தேடிக்கொள்கிற ஆள் தனக்கு வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நீ செத்ததற்கு எனக்குச் சம்பளமா என்று கிழித்துப் போடப் பார்த்தேன். கிழிக்கவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை.

நேற்றுப் புன்னைக்காயலுக்குப் போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஓரக் குறிப்பையும் முதல் தடவையாகச் சொன்னேன். வலைக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தவில்லை. "நீ கேக்கலன்னாலும் அவன் போயிருப்பான். அவன் அப்படித்தான்" என்றார்கள். மன்னிப்பா, வெறும் ஆறுதலா? நான் கேட்கவில்லை. அடுத்த ஓட்டைக்கு நூலைக் கோத்துக்கொண்டே, அந்த ஆபீசில் போய் என்ன படிப்பாய் என்று விசாரித்தார்கள். ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் எழுதுவது எப்படி என்று அங்கேதான் படிக்க முடியும் என்றேன். அப்படியானால் போ மகனே என்றார்கள்.

போகிறேன், சந்தியாகு. நாளைத் தபாலில் பதில் போட்டுவிடுவேன். இரண்டு வருஷம். அதற்குள், இங்கே தோணியில் நிற்கிற ஆளுக்கும், கூண்டு ஏறி வேலை நிற்கிற நாளுக்கும் ஓர் இன்ஷூரன்ஸ் பத்திரம் எழுதுகிற வழியைக் கற்றுக்கொண்டு திரும்புவேன். அங்கேயே தங்கிவிட்டால் தானே ரயிலேறி வந்து காதைப் பிடித்து இழுத்து வருவதாக உன் அம்மா சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்க மாட்டேன்.

உன் அம்மா மகனே என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிற,
உன் சகோதரன்
பெருமாள்