ஆறு சக்கரத் தொட்டி

கிவி ஏரி,
9 மே 1999

மர்யாவுக்கு,

நான் நலம். உன் அம்மாவும் நலம் என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். டொரொன்டோவில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். உட்கார்ந்து செய்யும் வேலைதானே.

சௌனா நீராவிக் குளியல் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ஆறு சக்கர வண்டியை வெளியே இழுத்துவிட்டேன். பதினாலு வருடமாகப் புதருக்குள் கிடந்ததில் இருக்கைக்குள் அணில்கள் குடும்பம் நடத்தியிருக்கின்றன. சேற்றிலும் ஓடி, தண்ணீரிலும் மிதக்கிற ஒரு வண்டியை உன் அம்மா இன்னும் "தொட்டி" என்றுதான் சொல்கிறாள். இவளோடு முப்பது வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

என் முட்டி போய்விட்டது. சதுப்பில் இனி நடக்க முடியாது. சதுப்பையும் ஏரியையும் தாண்டினால்தான் நம் வேட்டைக் குடில். அக்டோபரில் மூஸ் மான் பருவம் தொடங்குவதற்குள் இது ஓடவேண்டும். இல்லையென்றால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பளி பின்ன வேண்டியதுதான்.

ஓடினால் மட்டும் போதாதாம். புதிதாக ஒரு வனக்காவலன் வந்திருக்கிறான், காலணியில் சேறு படாத பிள்ளை. எண் பலகை இல்லாத வண்டியைக் கரையிலேயே பறிமுதல் செய்கிறான். நம் பரம்பரையில் பட்டம் வாங்கியவள் நீ ஒருத்தி. அதனால் யாருக்கும் இதுவரை ஒரு பிரயோஜனமும் இல்லை. சேசிஸ் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பதிவு அலுவலகத்தில் போய்க் கேள்.

உன் மாமனுக்கு இது தெரியக் கூடாது.

தவ்னோ ஹாபலா
(உன் அப்பா)


டொரொன்டோ,
23 மே 1999

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் முட்டியைப் பற்றி அம்மா எனக்கு இரண்டு வருடம் முன்பே எழுதிவிட்டார். நீங்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல் முறை என் முறை வந்ததும் குரல் வரவில்லை, திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை பேசினேன், கவுண்டரில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறை எல்லாவற்றையும் தாளில் எழுதி நீட்டினேன். அவர் படித்துவிட்டு என்னைக் காது கேளாதவள் என்று நினைத்துக்கொண்டு சைகையில் பதில் சொன்னார். நானும் சைகையிலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சிரித்து முடித்ததும் மேலே படியுங்கள்.

வண்டி உங்கள் பெயரில் இல்லை. ஓஸ்மோ மாமா பெயரில் இருக்கிறது. 1984இல் இருவரும் சேர்ந்து வாங்கினீர்கள். பதிவு செய்கிற அன்று, வரிசையில் நிற்பது மாடுகள் செய்யும் வேலை என்று சொல்லி மாமாவை நிற்க வைத்துவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போனீர்களாம். அம்மா சொன்னார். அந்தக் காபியின் விலை இப்போது தெரிகிறது.

வழி இரண்டு. மாமா விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது வண்டி உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று நீங்கள் பிரமாணப் பத்திரம் எழுதி, அதிகாரி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். திட்டித் தீர்த்துப் பதிவு செய்யும் வழி இல்லையாம், அதையும் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
மர்யா


கிவி ஏரி,
6 ஜூன் 1999

மர்யாவுக்கு,

அவன் பெயரை என் வீட்டுக்கு வரும் கடிதத்தில் எழுதாதே.

உனக்கு அப்போது ஒன்பது வயது, மறந்திருப்பாய். அந்த வண்டியின் அடியில் பின்பக்கம் ஒரு துளை உண்டு. கரையேறியதும் மூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்க வேண்டும். வடிந்ததும் மறுபடி மாட்ட வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த வேலை. முந்தைய நாள் குடிலுக்குச் சாமான் கொண்டுபோய்விட்டுத் திரும்பியவன் உன் மாமன். தண்ணீரை வடித்தான். மூடியை மாட்டினேன் என்று சொன்னான்.

மறுநாள் காலை பருவத்தின் முதல் நாள். கரையில் பன்னிரண்டு பேர். நான் துப்பாக்கியும் மாவு மூட்டையுமாக ஏரிக்குள் இறங்கினேன். இருபது கஜம் போவதற்குள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். இன்றைக்கும் காபிக் கடைக்குள் நுழைந்தால், "தவ்னோ, குளிச்சாச்சா?" என்று கேட்கிறார்கள். கேட்டவர்களில் மூன்று பேர் செத்தே போனார்கள், கேள்வி சாகவில்லை.

மூடியை மாட்டினேன் என்று அவன் என் முகத்தைப் பார்த்துச் சாதித்தான். அன்றோடு சரி. பதினாலு வருடமாகச் சனிக்கிழமை சௌனாவில் நான் தனியாகத்தான் உட்காருகிறேன். நிம்மதியாக இருக்கிறது.

அவனிடம் கையெழுத்துக் கேட்டு நான் போக மாட்டேன். உன் பிறந்தநாள் அட்டைகளில் அவன் கையெழுத்து இருக்குமே. படித்தவள்தானே நீ, பார்த்துப் போடத் தெரியாதா?

தவ்னோ ஹாபலா


டொரொன்டோ,
19 ஜூன் 1999

அன்புள்ள அப்பாவுக்கு,

போட மாட்டேன். பிறர் கையெழுத்துப் போடும் வகுப்புக்கு நான் போகவில்லை.

அம்மா படம் அனுப்பியிருந்தார். உடலில் விரிசல் விட்ட இடத்தில் பழைய படகின் ஃபைபரை வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். சங்கிலி வைக்கோல் கட்டும் இயந்திரத்தினுடையது. இருக்கை, தேவாலயம் கழித்துப்போட்ட பெஞ்சு. மஞ்சள் வண்ணம் பள்ளிப் பேருந்துக்கு அடித்ததில் மிஞ்சியது என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. எல்லாம் சேர்த்து நூற்றுப்பத்து டாலர்தான் செலவு என்று பெருமையாகச் சொன்னீர்களாம். பார்த்தால் அவ்வளவு ஆனது போலவும் தெரியவில்லை.

இன்னொன்று. அம்மா வியாழக்கிழமைதோறும் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போகிறார் அல்லவா? கோடையில் எந்தத் தேவாலயத்திலும் பயிற்சி கிடையாது. துணியில் சுற்றிய ஏலக்காய் ரொட்டியோடு பாடப் போகிறவரும் கிடையாது. மாமா வீடு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். சொந்தத் தம்பியைப் பார்க்க ஒருத்தி பதினாலு வருடமாகப் பாட்டுக்காரி வேஷம் போடுகிறார். உங்களுக்கு அது தெரியாதது போல நீங்கள் போடும் வேஷம் அதைவிட மட்டம்.

பிரமாணப் பத்திரத்தின் படிவத்தை இணைத்திருக்கிறேன். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
மர்யா


கிவி ஏரி,
11 ஜூலை 1999

மர்யாவுக்கு,

உன் அம்மா எங்கே பாடினால் எனக்கென்ன.

இன்ஜின் பேசிவிட்டது. செத்துப்போன பனிவண்டியிலிருந்து எடுத்த கார்புரேட்டர். முதல் சத்தத்தில் உன் அம்மா ஜன்னலைச் சாத்தினாள், அணில்கள் மாவட்டத்தை விட்டே போய்விட்டன.

மிச்சம் அந்த மூடி ஒன்றுதான். வண்டி செய்த கம்பெனியை இழுத்துச் சாத்திப் பத்து வருடம் ஆகிறது, அந்த அளவு எங்கும் கிடைக்கவில்லை. மரத்தில் கடைந்து மாட்டினேன், ஊறி வெடித்தது. குளியல் தொட்டியின் மூடி உள்ளே போய் விழுந்தது. உருளைக்கிழங்கைச் செதுக்கிக்கூடப் பார்த்தேன். அதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். நகல் இது: "என் மைத்துனன் ஓஸ்மோ வண்டியின் மூடியை வேண்டுமென்றே எடுத்து, வண்டியை ஏரியில் மூழ்கடித்தான். பிறகு வண்டியைக் கைவிட்டு ஓடிவிட்டான். அன்று முதல் வண்டி என்னுடையது." அதிகாரி ஆகஸ்ட் 12 அன்று ஊருக்கு வருகிறார். அவர் முன்னால் சத்தியம் செய்வேன். அவன் செய்த காரியம் அரசாங்கத் தாளிலேயே ஏறட்டும்.

தவ்னோ ஹாபலா


டொரொன்டோ,
20 ஜூலை 1999

அப்பா,

கூட வந்திருக்கும் பெட்டியை முதலில் திறந்திருப்பீர்கள். அது அந்த மூடிதான். அளவு பார்க்கத் தேவையில்லை.

மாமா மாட்டியிருந்தார். அதை முந்தைய நாள் சாயங்காலம் கழற்றியவள் நான். பித்தளைத் தலையும் ரப்பர் உடம்புமாக, என் பொம்மைக்குத் தொப்பி போலவே இருந்தது. காலையில் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். நான் எழுந்து வந்தபோது நீங்கள் இன்ஜினைக் கிளப்பிவிட்டீர்கள். கரையில் மாமா பக்கத்தில் நின்றிருந்தேன். கோட்டுப் பைக்குள் அதைப் பிடித்துக்கொண்டே நீங்கள் இறங்குவதைப் பார்த்தேன். சொல்ல வாய் திறந்தேன், குரல் வரவில்லை. பிறகு நீங்கள் கத்த ஆரம்பித்ததும் அது வருவதாகவே இல்லை.

அன்று நீங்கள் பன்னிரண்டு பேரை விசாரித்தீர்கள். நாயைக்கூட ஒரு பார்வை பார்த்தீர்கள். என்னை மட்டும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு நான் ஒரு ஆளாக உங்களுக்குத் தெரியவில்லை. அது உங்கள் குற்றம். மற்றதெல்லாம் என் குற்றம்.

விடுதிக்கும் வாடகை அறைக்கும் இந்த மூடியைக் கொண்டே திரிந்தேன். பட்டச் சான்றிதழும் இதுவும் ஒரே உறையில் இருந்தன. உங்கள் பிடிவாதத்தைப் பற்றி நான் எழுதிய ஏளனத்தையெல்லாம் இந்த உறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். அந்த வெட்கம் எவ்வளவு என்று எழுதத் தெரியவில்லை.

அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். அது பொய் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மர்யா


டொரொன்டோ,
29 ஆகஸ்ட் 1999

அப்பாவுக்கு,

ஆகஸ்ட் 12 போய்விட்டது. நீங்கள் சத்தியம் செய்தீர்களா இல்லையா என்று தெரியவில்லை. போனில் கேட்டேன். "அவர் சாப்பிடறார், தூங்கறார், பேசறதில்ல," என்று மட்டும் அம்மா சொன்னார். திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

மர்யா


கிவி ஏரி,
26 செப்டம்பர் 1999

மர்யாவுக்கு,

மூடி பொருந்துகிறது.

அதிகாரி வந்த அன்று நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? என் மகள் பொம்மைக்குத் தொப்பி போட்டாள் என்றா?

ஒரு வியாழக்கிழமை உன் மாமன் வீட்டுக்குப் போனேன். பாடகர் குழு முழுவதும் அங்கேதான் இருந்தது, அதாவது உன் அம்மா, கையில் காபிக் கோப்பையோடு. என்னைப் பார்த்ததும் அவள் ரொட்டித் தட்டை மறைத்தாள். இந்த வயதில். நான் மூடியை மேசைமேல் வைத்தேன். யாரிடமிருந்து வந்தது என்று சொன்னேன். உன் மாமன் அதை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும். பிள்ளையோட கோட்டுப் பையில துருத்திக்கிட்டு இருந்துச்சு. நான் அன்னிக்கே பாத்தேன்," என்றான்.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நீ கத்தின கத்துல, ஒம்பது வயசுப் பிள்ளைய உங்கிட்ட காட்டிக் குடுக்க மனசு வரல மச்சான். பழி எம் மேலயே போகட்டும்னு விட்டுட்டேன்."

பதினாலு வருடம். இவ்வளவு பெரிய மடையனை நான் பார்த்ததில்லை. அவனிடம் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் விறகுக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து ரொட்டி தின்றேன்.

கையெழுத்துப் போடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். இருவரும் பட்டணத்துக்குப் போய் இரண்டு பெயரிலும் பதிவு செய்தோம். வரிசையில் நான் நின்றேன். ஒன்றரை மணி நேரம். அவன் காபி குடிக்கப் போனான்.

நேற்று ஏரியில் இறக்கினோம். பன்னிரண்டில் மிச்சமிருக்கும் ஒன்பது பேரும் நாற்காலி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டி மூழ்கவில்லை. ஏமாந்துபோய் எழுந்து போனார்கள். உன் மாமன் சாயங்காலம் சௌனாவுக்கு வந்தான். சுடுகல்லில் இன்னும் அதே மாதிரி அளவில்லாமல் தண்ணீர் ஊற்றுகிறான்.

உன்னை வேட்டைப் பருவத்துக்கு வரச் சொல்லி உன் அம்மா எழுதச் சொல்கிறாள். வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம், ஓஸ்மோவுக்கும் எனக்கும். நீ கரையோரமாகச் சுற்றிக் குடிலுக்கு நடந்து வா, நான்கு மைல்தான். சதுப்பு இந்த வருடம் மோசம், டொரொன்டோ செருப்போடு வந்து நிற்காதே. முழங்கால் வரை உயரமான பூட்ஸ் ஒரு ஜோடி உன் அளவுக்கு வாங்கி வாசலில் வைத்திருக்கிறேன்.

வண்டி கரையில் நிற்கும் நேரமெல்லாம் மூடி என் பையில் இருக்கும்.

தவ்னோ ஹாபலா
(உன் அப்பா)