நாளைய குளோரின் அளவு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அனுமதியைப் புதுப்பிக்க சுற்றுச்சூழல் அதிகாரி வந்தார். தினமும் குளோரின் அளவு எழுதும் பதிவேட்டைப் புரட்டினார். வேலை மிச்சம் என்று நான் மறுநாள் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"நாளைக்குத் தண்ணி எப்படி இருக்கும்னு இன்னைக்கே தெரியுமாப்பா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள்; நானும் சிரித்துவைத்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அனுமதி தராமல் பதிவேட்டோடு போய்விட்டார்.

பயப்படாதே, ஒன்றும் ஆகாது. போன் அடித்தால் மட்டும் நான் எடுப்பதில்லை. என் சான்றிதழ் நகலை அனுப்பு; நீ போர்த்தும் பழைய போர்வையையும் அனுப்பு.

மேலாளர் கூப்பிடுகிறார். பாப்பாவுக்குத் தண்ணீரைக் காய்ச்சியே கொடு. அங்கேயும் என்னைப் போல ஒருவன்தானே எழுதுவான்?

பாப்பாவின் அப்பா