ஓட்டம் தின்றது போக

இட்டன்,
ஜூன், 1998

அன்புள்ள ஜெரோதிச்சுக்கு,

உன் கணவன் ஜோஸ்பட் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன்னோடு தங்கியிருக்கும் ஓட்டக்காரப் பெண்களும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறோம். ஜெர்மனியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நம்பவில்லை. அங்கே கடிகாரம் சரியில்லை என்கிறாள்.

மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. மக்காச்சோளம் இடுப்பளவு வந்துவிட்டது, இரண்டாம் களை எடுத்தாயிற்று. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. கிடாரி. சங்கத்துக்குப் பால் ஊற்றிவிட்டு வர இப்போது முன்னைவிட நேரம் ஆகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ புறப்படும் முன் எல்டொரெட்டில் டாக்டர் முத்தோனியிடம் நாம் இருவரும் கொடுத்த பரிசோதனைகளின் முடிவு வந்துவிட்டது. நீ சொல்லிப்போனபடி நான் போய்க் கேட்டு வந்தேன். கெட்ட செய்தி இல்லை. நல்ல செய்தியா என்று கேட்டால் அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. உன் கருப்பையில் குறை ஒன்றும் இல்லையாம். என்னிடமும் இல்லையாம். அப்படியானால் கல்யாணமாகி இத்தனை வருஷம் ஏன் பிள்ளை இல்லை என்று கேட்டேன். அதற்கு அவர், உனக்கு ஒரு வருஷத்துக்கு மேலாக மாதவிலக்கே வரவில்லை என்று சொன்னார். நீதான் அவரிடம் சொன்னாயாம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். தெரிந்தது போலத் தலையாட்டி வைத்தேன்.

இதை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கோபிக்கவில்லை. ஓட்டப் பயிற்சி முகாமில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான், ஓடுகிறவர்களுக்கு அது ஒரு வசதி என்று பேசிக்கொள்வார்களாமே, டாக்டர் சொன்னார். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் என் மண்டையைக் குடைகிறது. அப்படியே எழுதுகிறேன்: “உங்க மனைவி சாப்பிடுறது போதலைங்க. ஓட்டம் தின்னது போக மிச்சம் இருக்கறத வெச்சுத்தான் உடம்பு மத்த வேலையப் பாக்கணும். மிச்சமே இல்லன்னா, பிள்ளை பெத்துக்கற வேலையத்தான் அது மொதல்ல நிறுத்தும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் என்னைவிடப் பெரிய களி உருண்டை அவளுடையதுதான், எனக்கு முன்னால் தட்டைக் காலி செய்கிறவளும் அவள்தான் என்று வாதாடினேன். விடியற்காலையில் ஓடும் முன் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டார். பால் தேநீர் என்றேன். ஓடி வந்ததும்? தேநீர். அதற்குப் பிறகு? மதியம் களியும் கீரையும். கல்யாணத்தின்போது எப்படி இருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு ஓடையைத் தாண்டும்போது உன்னைத் தூக்கப்போய் இருவரும் விழுந்தது ஞாபகம் வந்தது. போன மாதம் பேருந்துப் படியில் உன்னைக் கைகொடுத்து ஏற்றியபோது கனமே தெரியாமல் நான் திடுக்கிட்டதும் ஞாபகம் வந்தது. டாக்டரிடம் இரண்டையும் சொல்லவில்லை.

மாடு வளர்க்கிறவன் நான். தீனி குறைந்து எலும்பு தெரிகிற பசு சினைக்கு வராது என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் உன்னை அப்படி நினைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. இதை எழுதியதற்கு நீ நேரில் இருந்தால் அகப்பையால் அடித்திருப்பாய்.

எதை நம்புவது என்று தெரியவில்லை. உன் மேலாளர் ருடால்ஃப் பேருந்து நிலையத்தில் என்னிடமே சொன்னார், இன்னும் கொஞ்சம் இளைத்தால் நீ பறப்பாய் என்று. நீ இளைத்த பிறகுதான் நகுரு ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தாய், அதுவும் பொய்யில்லை. டாக்டர் சொல்வதும் பொய்யாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் உன் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவர் குறை என்கிறார், ஒருவர் கூட்டு என்கிறார். நீ என்ன நினைக்கிறாய்? பதில் எழுது. சாப்பிட்டாயா என்று எப்போதும்போல் கேட்டு முடிக்கத்தான் கை வருகிறது. இப்போது அந்த வார்த்தையை எழுதவே பயமாக இருக்கிறது.

உன் நலம் நாடும்,
ஜோஸ்பட் கிபிவோட்

•

இட்டன்,
ஆகஸ்ட், 1998

அன்புள்ள ஜெரோதிச்சுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னக் கடிதம். ‘நான் சாப்பிடுகிறேன். உன் அம்மா எழுதச் சொன்னார்களா? பிள்ளை வேண்டுமென்றால் நேராகக் கேள், தட்டைக் காட்டிக் கேட்காதே.’ அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுதச் சொல்லவில்லை. அது சத்தியம். மற்றதற்கு என்ன பதில் எழுதுவது என்று விளங்காமல்தான் இத்தனை நாள் தாமதம்.

அதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதே. நீ என்ன தின்கிறாயோ அதைத் தின்று, நீ ஓடுகிற பாதையில் ஓடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். டாக்டர் சொன்னதும் நீ சொன்னதும் என் தலைக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தன. என் உடம்பிடம் கேட்டால் ஏதாவது தெரியும் என்று தோன்றியது. பாலை ஊற்றிவிட்டு நேராக ஜெமுத்தாய் ஓடக் கூட்டிப்போகும் பெண்களின் கூட்டத்துக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன். முதல் நாள் அவள் திரும்பிப் பார்த்து, “என்ன அண்ணே, பால் வண்டி கெட்டுப்போச்சா?” என்றாள். மற்றவர்கள் சிரித்தது அந்த மேடு முழுக்கக் கேட்டிருக்கும். அவர்கள் மெல்ல ஓடும் நாட்களில்கூட அவர்கள் கிளப்பும் தூசியைத்தான் பார்க்க முடிந்தது. ஆனாலும் விடவில்லை. அந்தச் செம்மண் ஏற்றத்தில் நீ தினமும் ஏறுவாய் என்பது எனக்குத் தெரியும். அது எத்தனை நீளம் என்பது இப்போதுதான் தெரியும்.

முதலில் ஓடிவிட்டு வந்தால் அகோரப் பசி எடுக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு. கடுமையாக ஓடிய அன்று அம்மா களியை முன்னால் வைத்தாள். மண்ணைப் பிசைந்து வைத்தது போல் இருந்தது. வயிறு ஒட்டிக் கிடக்கிறது, வாய் வேண்டாம் என்கிறது. தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். நீயும் இப்படித்தானே ஓடி வந்ததும் தேநீர்க் குவளையோடு சுவரில் சாய்ந்து உட்காருவாய்! களைப்பு என்று நினைத்திருந்தேன். பிறகு மதியம் நீ சாப்பிடுவதைப் பார்த்து, அடேயப்பா, என்ன தீனி என்று கிண்டல் செய்திருக்கிறேன். அந்த ஒரு வேளைத் தட்டைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சாப்பிடாமல் விட்ட வேளைகள் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?

கொஞ்ச நாளில் இடுப்பு வாருக்குப் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. கை எப்போதும் சில்லிட்டுக் கிடந்தது. ஒன்றுமில்லாததற்குக் கன்றுக்குட்டியின் மேல் எரிந்து விழுந்தேன். ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆண்பிள்ளை திடீரென்று இளைத்தால் இந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்றுதான் நினைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். தேவாலயத்தில் என் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. அந்தப் பேச்சு அம்மா காதுக்கும் எட்டி, அவள் அடுப்படியில் அழுதாள். கப்சோவாரிலிருந்து பெரியம்மா கிளம்பி வந்துவிட்டாள். வந்தவள், நோயெல்லாம் இல்லை, பிள்ளை இல்லாத ஏக்கம்தான் இவனைத் தின்கிறது, பிள்ளை பெறுகிற ஒருத்தியை இரண்டாவதாகக் கட்டிவைத்தால் சரியாகும் என்று ஆரம்பித்தாள். பெண்கூடப் பார்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. நான் வாய் திறக்கும் முன் அம்மா, “மொதல்ல இவன் ரெண்டு வாய் திங்கட்டும் அக்கா. அப்புறம் பொண்ணு பாக்கலாம்” என்றுவிட்டாள். எனக்குச் சாதகமாகச் சொன்னாளா, பாதகமாகச் சொன்னாளா என்று இன்னும் தெரியவில்லை. நான் முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கடைசியில் ஜெமுத்தாய்தான் ஒரு நாள் பாதையோரம் என்னை உட்கார வைத்தாள். ஓடி ஓடி அவளுக்கும் மாதவிலக்கு நின்றுபோய், பாத எலும்பில் விரிசல் விழுந்து, ஒரு வருஷம் வீட்டில் கிடந்தாளாமே. பாவாடைப் பையிலிருந்து அவித்த உருளைக்கிழங்கை எடுத்து என் கையில் வைத்துச் சொன்னாள்: “பசிச்சாத்தான் திம்பேன்னு இருந்தா நான் இந்நேரம் கம்பு ஊனிக்கிட்டுத்தான் நடந்திருப்பேன். ஓடறவங்க பசியக் கேக்கக் கூடாது அண்ணே. நேரத்தக் கேட்டுத் திங்கணும்.” ஓடும் முன் ஒரு வாய், ஓடி நின்றதும் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் பாலும் களியும், இடையில் அவரை, கிழங்கு, நெய் தடவிய சப்பாத்தி என்று அவள் தின்பது எனக்கு வயலில் வேலை செய்வது போலத் தெரிந்தது. நானும் அப்படியே செய்கிறேன். சில வேளை கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறேன். இடுப்பு வார் அதே ஓட்டையில் நின்றுவிட்டது. கையில் சூடு திரும்பியிருக்கிறது.

ஆகவே டாக்டர் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது. உன் கேள்விதான் விளங்கவில்லை. நான் எதற்காக உன்னைச் சாப்பிடச் சொல்கிறேன்? பிள்ளைக்காக இல்லை என்று எழுதி, அடித்தேன். பிள்ளைக்காகத்தான் என்று எழுதி, அதையும் அடித்தேன். அடித்த இரண்டு தாளும் இங்கேதான் கிடக்கின்றன. இரண்டில் எதுவும் முழுப் பொய் இல்லை, ஜெரோதிச்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
ஜோஸ்பட்

•

இட்டன்,
செப்டம்பர், 1998

என் ஜெரோதிச்சுக்கு,

ருடால்ஃப் தபால் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசிய அன்றே செய்தி தெரிந்துவிட்டது. பந்தயத்தின் நடுவில் கால் எலும்பு முறிந்துபோய் நீ பாதையோரம் உட்கார்ந்துவிட்டாய் என்றார். இலையுதிர்கால மாரத்தானுக்கு வேறு பெண்ணைப் பார்க்கப்போவதாகவும் அதே மூச்சில் சொன்னார். நேற்று உன் நீண்ட கடிதமும் வந்தது. வசந்தத்திலிருந்தே அந்தக் காலில் வலி இருந்ததாமே. நான் கால் பிடித்துவிட்ட இரவுகளில்கூட நீ முகம் சுளிக்கவில்லையே.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். செய்தி கேட்டதும் முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அவள் ஓட முடியாது, சாப்பிடுவாள் என்று மனம் சொன்னது. அடுத்த நொடியே நீ அந்த ஊர்ப் பாதையோரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. தபால்காரர் நாற்காலி கொடுத்தார். கட்டின பெண்டாட்டியின் கால் ஒடிந்ததில் நிம்மதி அடைகிறவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கே புரியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே உனக்கு யார் சமைத்துப்போடுகிறார்கள் என்றுதான் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள் என்றேன். உப்பு உறைப்பு இருக்குமா என்றாள். பெரியம்மா மறுபடியும் வந்து, இனி ஓடவும் மாட்டாள், பெறவும் மாட்டாள் என்று இழுத்தபோது அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “அவளப் பத்தி இங்க யாரும் பேச வேண்டாம். கால் ஒடிஞ்சு வர்றவளுக்கு இந்த வீட்டுல ஆள் இருக்கு.” பெரியம்மா தேநீர் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

உன் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன். அங்குள்ள டாக்டரும் இதையேதான் சொன்னார், எலும்புக்குப் போக வேண்டியதையும் ஓட்டம் எடுத்துக்கொண்டது என்றார் என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் கொண்டுவந்து வைக்கும் தட்டைப் பார்த்தால் அழுகை வருகிறது, ஒவ்வொரு வாயும் ஒரு பந்தயத்தைத் தோற்பது போல் இருக்கிறது, ஆனாலும் தின்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிய களிக்கும் இதற்கும் ரொம்ப தூரம். எனக்கு எந்தப் பந்தயமும் இல்லை.

தேறிய பிறகு ஓடலாம், ஆனால் தின்று ஓட வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னதைக் கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. எனக்குக் கேட்டது. ஜெமுத்தாயிடமும் சொன்னேன். அவள், வரட்டும், மெல்ல நடையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள்.

இனி, கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருப்பது. ‘நான் சாப்பிட்டு, கனத்து, வேகமும் போய், பிள்ளையும் வராமல் போனால், அப்போது நான் யார்? நீ எதற்காக என்னை வைத்திருப்பாய்?’

எனக்கு இதற்குப் பதில் தெரியும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீ மறுபடி ஓடுவாயா, தெரியவில்லை. பிள்ளை வருமா, அதை டாக்டர் முத்தோனியே உறுதியாகச் சொல்லவில்லை. வராவிட்டால் நான் ஏங்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. ஏங்குவேன். நீ ஓடாவிட்டால் நீ ஏங்குவாய். அப்படி இரண்டு பேரும் ஏங்கிக்கொண்டே சாப்பிட உட்காரும் நாளும் வரலாம். அன்றைக்கும் நான் அடுப்படியிலிருந்து இரண்டு தட்டுத்தான் எடுத்து வருவேன். ஒரு தட்டு எடுத்துப் பழக எனக்கு இஷ்டமில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

விமானம் ஏறும் நாள் தெரிந்ததும் எழுது. நைரோபிக்கு நானே வந்துவிடுகிறேன். படிகளில் இறங்கும்போது அவசரப்படாதே. கடவுள் உன் எலும்பைக் கூட்டிவைக்கட்டும், நாக்குக்கு ருசியைத் திருப்பித் தரட்டும். அதுவரை, யாருக்காக என்று யோசிக்காமல், சாப்பிடு ஜெரோதிச்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
ஜோஸ்பட்