ஐம்பத்தொரு கிலோவில் நீ

போன செவ்வாய்க்கிழமை, சாரத்துச் சுகாதார நிலையத்துக்கு என் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றரை வயது அவளுக்கு. மேலேயிருந்து தொங்கும் தராசின் கொக்கியில் துணித்தொட்டிலை மாட்டி, அதில் அவளை உட்காரவைத்தார் நர்சம்மா. அவள் உதைத்து அழ அழ முள் நிற்காமல் துடித்தது. நின்ற பிறகு நர்சம்மா எண்ணைச் சொல்லவில்லை. அட்டையில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண், "எங்க பையன் இந்த வயசுல பத்தரை இருந்தான்" என்றாள். குறிப்பாக யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கட்டம் போட்டேன். காலையில் எத்தனை கரண்டி, மத்தியானம் எத்தனை, துப்பியது எவ்வளவு. வியாழக்கிழமை அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டபோது, தாடையைப் பிடித்துத் திறந்து சோற்றைத் திணித்தேன். அத்தனையையும் வாந்தி எடுத்தாள். என் கணவர் தரையைத் துடைத்துவிட்டு, "அந்தப் பேப்பர எடுத்து உள்ள வை. பாத்தாலே பயமாருக்கு" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் கட்டங்களை எனக்கு முன்பே தெரியும். உனக்காகப் போட்ட அதே கட்டங்கள் அவை.

இதை நான் உனக்கு எப்போதோ எழுதியிருக்க வேண்டும். நான்கு வருஷம் தாண்டிவிட்டது.

நீ பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளில். இரண்டாயிரத்து ஆறில் நாம் கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் கணக்குப் பாடம், நீ வரலாறு. மல்யுத்த அறைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருநாள் மாஸ்டருக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆள் வரவில்லை என்று நீ என்னை இழுத்துப் போனாய். மாஸ்டர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். நம் ஊர் வழக்கில் அவர் ஒரு சொல்தா. தொடங்கு என்பதற்கு அவர் பிரெஞ்சில் "அலே!" என்று கத்தியதும் நான் பொத்தானை அமுக்க வேண்டும். பாயில் ஒருத்தியின் இரண்டு தோளும் பட்டுவிட்டால் ஃபால். ஆட்டம் அதோடு முடிந்தது. மறுபடி அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அறையில் ரப்பர் பாயின் வாடையும் வியர்வை வாடையும் ஒன்றாகக் கிடக்கும். அன்றிலிருந்து நீ என்னைக் "கணக்கு" என்றே கூப்பிட்டாய்.

அந்த அறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. நமக்கு மூன்று வருஷம் முந்திய அக்கா; தொடர்ந்து மூன்று முறை சாம்பியன், கழுத்தில் மெடல். நீ எந்த ஆட்டம் ஜெயித்து வந்தாலும் மாஸ்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் உன்னைப் பார்ப்பார். "நல்லா ஆடுன. ஆனா அந்தப் பொண்ணு மாதிரி வராது."

ஒருநாள் நீ துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்: "மாதிரி வராதுன்னா எவ்ளோ வராது, மாஸ்டர்?"

"எவ்ளோன்னா? அதெல்லாம் அளக்க முடியுமா?"

"நம்ம கணக்கு அளப்பா."

அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அது நிஜமாகவே நல்ல கேள்வியாகப் பட்டது. இரண்டு பேரும் சாம்பியன்கள், இரண்டு பேரும் தோற்றதில்லை, ஒருவரோடொருவர் மோதியதும் இல்லை. எப்படி ஒப்பிடுவது? மாஸ்டரின் அலமாரியில் பழைய ஸ்கோர் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றை வாங்கிப் போய் ஒரு வாரம் உட்கார்ந்தேன். அக்கா காலத்தில் மூன்று நிமிடச் சுற்று இரண்டு. உன் காலத்தில் விதி மாறி இரண்டு நிமிடச் சுற்று மூன்று. எப்படிப் பார்த்தாலும் மொத்தம் ஆறு நிமிடம். எனக்கு அது போதும். ஜெயிப்பது பெரிதில்லை, எப்படி ஜெயித்தாய் என்பதுதான் பெரிது என்று முடிவுசெய்தேன். எடுத்த புள்ளியிலிருந்து கொடுத்த புள்ளியைக் கழித்து, பாயில் நின்ற நிமிடத்தால் வகுத்தேன். ஃபால் என்றால் பத்துப் புள்ளி. எதிராளியை எவ்வளவு சீக்கிரம் சாய்க்கிறாயோ அவ்வளவு பெரிய எண். நீலக் கோடு போட்ட நோட்டில் உங்கள் இருவர் பேரையும் எதிரெதிரே எழுதினேன்.

அவருக்கு ஆறு. உனக்கு நான்கு.

உன்னிடம் காட்டியபோது நீ ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாய். பிறகு கேட்டாய், "இத ஏத்த என்னடி பண்ணணும்?"

அப்போது நீ ஐம்பத்தைந்து கிலோ பிரிவு. அந்தப் பிரிவில் வந்தவர்கள் எல்லோரும் பழைய கைகள். ஒவ்வொருத்தியும் உன்னை முழு ஆறு நிமிடமும் நிற்கவைத்தாள். ஐம்பத்தொன்றில் அந்த வருஷம் எல்லாம் புதுப் பெண்கள். நான் நோட்டைப் பார்த்தபடி சொன்னேன்: "அம்பத்தொண்ணுல ஆடுனா ஒவ்வொருத்தியும் ஒரு நிமிஷம் தாங்க மாட்டா. தன்னால ஏறிடும்."

வகுத்துப் பார்த்தால் வரும் விடையைத்தான் சொன்னேன். நீ அதை வழியாக எடுத்துக்கொண்டாய். மாஸ்டரிடம் போய்க் கேட்டாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்து, "நாலு கிலோ தானே, எறக்கிடலாம்" என்றார். மூன்று பேரும் அன்று சந்தோஷமாக இருந்தோம்.

முதல் தடவை சுலபமாக இருந்தது போலத்தான் இருந்தது. இரண்டு வாரம் நீ சோற்றைக் குறைத்தாய். கடைசி இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்தாய். மத்தியான வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கடற்கரை மணலில் ஓடினாய். குப்பத்து ஆட்கள் வலையை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துச் சிரித்தார்களாம். "மழ எங்கம்மா பெய்யிது"ன்னு கேட்டாங்கடி என்று நீயே வந்து சொல்லிச் சிரித்தாய். சிரித்தபோது உன் கீழுதடு வெடித்து ரத்தம் வந்தது. நீ அதை நக்கிக்கொண்டாய்.

எடை பார்க்கும் இடத்தில் ஐம்பத்தொன்று. மறுநாள் நான்கு பேரோடு ஆடி, நான்கு பேரையும் முதல் சுற்றிலேயே சாய்த்தாய். நோட்டில் எண் ஐந்தரைக்கு ஏறியது. அன்று மாஸ்டர் சுவர்ப் படத்தைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தார்.

இரண்டாம் தடவை நான் சில விஷயங்களைப் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது ஒரு பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டே வந்தாய், அந்த எடையும் போகட்டும் என்று. படி ஏறும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து அங்கேயே உட்கார்ந்தாய். கேன்டீனில் ஒருநாள், "இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டாய். சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து அதையே மறுபடி கேட்டாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைக்க விரும்பினேனா, தெரியவில்லை. இவற்றுக்கு நோட்டில் கட்டம் இல்லை. புள்ளி, நிமிடம், ஃபால், இவ்வளவுதான் கட்டம். அந்தப் போட்டி முடிந்ததும் எண் ஆறைத் தொட்டது. நீ என் தோளைக் கட்டிக்கொண்டாய். உன் கை எலும்பு என்னைக் குத்தியது. "சமமாயிட்டேன்டி. இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாய்.

மூன்றாம் போட்டிக்கு இருபது நாள் இருந்தபோது நடந்ததை யாரிடமும் நான் சொன்னதில்லை. நூலகத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். நீ கேட்டாய், "ஏ கணக்கு, இந்த வாட்டி அம்பத்தஞ்சுலயே நின்னா எவ்ளோ வரும்?"

நான் நோட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். முந்திய இரண்டு வருஷத்து ஆட்டங்களை வைத்து, சராசரி எடுத்து, உண்மையான விடையைச் சொன்னேன். "அஞ்சுக்கு எறங்கிடும். அக்காவத் தாண்டாது."

"சரி" என்றாய். எழுந்து போனாய்.

நீ அன்று கேட்டது எண்ணை இல்லை. யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்டாய். அது எனக்கு இரண்டு மாதம் கழித்து, குளித்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. சொம்பை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் தடவை எடை பார்க்க நீ நேராக வீட்டிலிருந்து வந்தாய், சாயங்காலம் நாலரைக்கு. உன் தோல் காய்ந்திருந்தது. வெயிலில் ஓடி வந்தவளுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. அதைப் பார்த்தவள் நான்தான். ஆனால் எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. எந்திரத்தில் ஏறினாய். "அம்பத்தொண்ணு" என்றார் அங்கிருந்தவர். நீ என்னைத் தேடிப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாய், இன்னும் ஒன்று என்பதுபோல. இறங்கி நாலு அடி வைத்தாய். பிறகு, யாரோ உட்காரச் சொன்னதுபோல் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாய். மாஸ்டர் "அலே, அலே, எந்திரி" என்றார், விளையாட்டாக. நீ எழவில்லை.

ஆஸ்பத்திரியில் உடம்புச்சூடு என்றார்கள், உப்பு என்றார்கள், சிறுநீரகம் என்றார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, உன் முதல் ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில், நீ போய்விட்டாய். என் பையில் அந்த நோட்டு இருந்தது. எதிராளிகளின் பேர்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

உன் அம்மாவை அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்; மீன் கூடையோடு பஸ் நிறுத்தத்தில். பதினாறாம் நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நாந்தான் கண்ணு கொன்னுட்டேன். நாந்தான்." பக்கத்திலிருந்த பெண்கள், "காலையில வியாபாரத்துக்குப் போயிட்டு புள்ளைக்கு சோறு போடலன்னு அடிச்சிக்குது" என்று என்னிடம் விளக்கினார்கள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லைம்மா, ஐம்பத்தொன்றுக்கு இறங்கு என்று சொன்னது நான், என் நோட்டு. அழுதுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு என் கல்யாணம், குழந்தை. பிள்ளைச்சாவடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதையே தவிர்த்தேன். செய்யாத ஒன்றுக்காக ஒரு தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது என்னுடையது என்று தெரிந்தே இருந்தேன்.

நேற்று சனிக்கிழமை போனேன். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, தனியாக. உன் அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வா கண்ணு. எளச்சிட்டியே. புள்ள பொறந்துச்சாமே?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படத்திலிருந்த அக்கா, நோட்டு, ஆறு, நான்கு, ஐம்பத்தொன்று, நூலகத்துக்குப் பின்னால் நீ கேட்டது. அவர் கூடையின் பின்னலுக்குள் விரலை விட்டுச் செதிலை நோண்டிக்கொண்டே கேட்டார். நான் கடைசியாக, "நீங்க சோறு போடாததால இல்லம்மா" என்றேன்.

"சோறா?" என்று நிமிர்ந்தார். "யாரு சோறுன்னு சொன்னது?"

பதினாறாம் நாள் பக்கத்துப் பெண்கள் சொன்னதைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் வியாபாரத்துக்கே போவல கண்ணு. வூட்டுலதான் இருந்தேன். ரெண்டு நாளைக்கு முன்ன, எங்கையப் புடிச்சி அவ தலைல வச்சிக்கிட்டா. 'நான் தண்ணி கேப்பேன். அழுவேன். காலப் புடிப்பேன். குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு'ன்னா. என்னாத்துக்கோ கேக்குறா, ஜெயிக்கணும்ங்கிறா, சரின்னு பண்ணிட்டேன். தல மேல பண்ண சத்தியம். மீறுனா அவளுக்குத்தான் ஆவாதுன்னு நெனச்சேன்."

கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஓடிட்டு வந்து கேட்டா. மூணு வாட்டி. மொத ரெண்டு வாட்டி மொறச்சா. மூணாவது வாட்டி, 'அம்மா, சும்மா சொன்னேன், அந்த சத்தியம் செல்லாது, குடு'ன்னா. நான் கொடத்தத் தூக்கி உள்ள வச்சி கதவ மூடிட்டேன். அப்புறம் அவளே சிரிச்சிட்டா. 'கெட்டிக்காரிதாம்மா நீ'ன்னுட்டுக் கெளம்பிப் போனா."

பிறகு அவர் ஈரக்கையை என் முன்னால் நீட்டினார். "இத யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியம் மட்டும் கேக்காதீங்கம்மா" என்றேன். "நான் அவளுக்கு ஒரு கடுதாசி எழுதப் போறேன். எல்லாத்தையும் எழுதுவேன்."

கை அப்படியே சிறிது நேரம் நின்றது. பிறகு அதைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "எழுதுறதுன்னா எழுது. அவ பேரப் போடாத."

போடவில்லை.

என்னிடம் இருந்ததை அங்கே இறக்கிவைக்கப் போனேன். அதுவும் இறங்கவில்லை, உன் அம்மாவுடையதும் சேர்ந்துகொண்டது. இத்தனை நாளும், வாய் திறந்து கேட்கத் தெரியாத பிடிவாதக்காரி என்றே உன்னை நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. நீ கேட்டிருக்கிறாய். என்னிடம் ஒரு முறை, உன் அம்மாவிடம் மூன்று முறை.