ஆட்டின் இருக்கக் கிளாவர் போட்டேன்

டீல்ட், மார்ச் முதல் ஞாயிறு

அன்புள்ள லுட்கார்ட்,

கடவுள் கிருபையால் நலமாக இருக்கிறேன், மூளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நீ என் முதுகுக்குப் பின்னால் விசாரிப்பது அதைத்தானே. வான்கூவரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். செர்ரி மரத்தைக் கவாத்து பண்ணியாயிற்று. நீ அனுப்பிய டேப்லெட்டில் ஞாபக விளையாட்டு ஆடிப் பார்த்தேன், தப்பாகத் தொட்டாலும் அதிலிருக்கும் ஆந்தை சபாஷ் என்கிறது, மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது என் சீட்டு மேசையிலும் மூன்று ஆந்தைகளை உட்கார்த்தி வைத்திருக்கிறாய்.

புதன்கிழமைதோறும் பங்குக் கோவில் மண்டபத்தில் சீட்டாட்டம், நான், எனக்கு ஜோடியாகக் கோடலீவ், எதிரணியில் கறிக்கடை காஸ்டனும் சுல்மாவும். கேட்ட இனம் கையில் இருக்க வேறு இனம் இறக்குவதைவிடப் பெரிய குற்றம் இந்த ஊரில் இல்லை, அதற்காக உன் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வருஷம் பேசாமல் இருந்ததை நீயே பார்த்தவள். கோடலீவ் அதற்கு மேசையில் அறைகிற அறையில் காப்பிக் கோப்பை துள்ளும். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாக எதற்கும் தலையாட்டினாள். எனக்குச் சந்தேகம். போன புதன் ஆட்டின் இனம் கேட்டபோது, கையில் மூன்று ஆட்டினை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கிளாவரைப் போட்டேன். அடுத்த பிடிக்கே ஒரு ஆட்டினையும் இறக்கிக் காட்டினேன். காஸ்டன் விட்டத்தைப் பார்த்தார், சுல்மா காப்பியைக் கலக்கினாள், கோடலீவ், "நல்லாத்தான் ஆடுற அட்ரியன்" என்றாள். சீட்டை எல்லார் முன்னாலும் விரித்துப் போட்டேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள். "உன் பொண்ணு போன் பண்ணுனா. சீட்டாடுனா மூளை கெடாதாம், ஆயுசும் கூடுமாம், ஆனா உன்னைப் பதற விடக் கூடாதாம், தப்புப் பண்ணுனா கண்டுக்காம தனக்கு மட்டும் சொல்லணுமாம். நான் என்னடி பண்றது?" காஸ்டன் வேறு, "நாங்க உங்க நல்லதுக்குத்தான் மேடம்" என்றார். ஆட்டைக் கடைக்கு ஓட்டும்போதும் இதே குரலில்தான் பேசியிருப்பார். கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேசாமல் இருப்பதும் பொய்தான் என்று கன்னியர் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள், அதை உனக்கும் சொல்லித் தந்தேன். எங்கோ எதையோ படித்துவிட்டு என் சிநேகிதிகளை எனக்கு நர்சுகளாக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது.

இன்று பூசை முடிந்ததும் கோவில் வாசலில் கோடலீவ் வழி மறித்தாள். "ஆட்டத்துல பாதியில எழுந்து போற திமிரு உனக்கு மட்டும்தான்டி வரும்" என்று சாமியார் காதுபடக் கத்தினாள். கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதோடு நிற்கவில்லை. "உண்மை தெரியணும்னுதானே சீட்டை விரிச்ச, முழுசாவே கேளு. அன்னைக்கு மட்டும் இல்ல. போன மாசமே ரெண்டு தடவை கையில வச்சுக்கிட்டே மாத்திப் போட்ட." வேண்டுமென்றே நான் செய்தது அந்தப் புதனன்று ஒரே ஒரு முறை, லுட்கார்ட். அந்த இரண்டும் எனக்கு நினைவே இல்லை.

அப்படியானால் நான் கவலைப்பட்டது சரிதானே என்பாய். சரியாகவே இருக்கட்டும். ஆனால் உன்னால் அது உனக்கு முதலில் தெரிந்தது, எனக்குக் கடைசியில். இத்தனை வருஷம் என்னை விழிப்பாக வைத்திருந்தது சீட்டு இல்லை, தப்பினால் திட்ட எதிரே ஒருத்தி இருந்ததுதான். அதை நீ நிறுத்தினாய். நாளைக்கு டாக்டரிடம் நானே போகிறேன். அவர் என்ன சொன்னாலும் உனக்கு என் வாயால்தான் தெரிய வேண்டும், வேறு யாரையும் கேட்காதே.

பத்தொன்பதாம் தேதி உன் அப்பாவுக்கு நினைவுப் பூசை, மறவாமல் ஜெபி. இருமலுக்குக் கழுத்தை மூடிக்கொள். புதனுக்கு முன் கோடலீவுக்குப் போன் செய்து, என்னைத் திட்டலாம் என்று சொல். பிள்ளைகளின் நெற்றியிலும் உன் நெற்றியிலும் சிலுவை போடுகிறேன், உனக்குக் கொஞ்சம் அழுத்தி.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா
அட்ரியன்