நானே எடுத்து வைத்த கோப்பு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை, கேட்டால் சிரிப்பீர்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஆள் எடுக்க இதுவரை கல்லூரி மதிப்பெண்ணைத்தான் பெரிதாகப் பார்த்தார்கள். புதுத் துறைத்தலைவருக்கு அதில் நம்பிக்கையில்லை.

"காலேஜ்ல மார்க்க அள்ளிப் போடுவாங்க. நுழைவுத் தேர்வு பொய் சொல்லாது" என்கிறார். ஏற்கெனவே சேர்ந்தவர்களையும் மறுபடி எடைபோடுகிறாராம். அலுவலகத்தில் பகுதிநேரம் வேலை பார்க்கும் என்னிடமே, "தேர்வுல அறுபதுக்குக் கீழ இருக்கிற ஃபைலெல்லாம் தனியா எடுத்து வைம்மா" என்றார்.

பதினோரு கோப்புகள். ஒன்பதாவது என்னுடையது. நான்கு வருடமும் கல்லூரியில் முதலிடம் என்று அதில் இருக்கிறது. தேர்வன்று எனக்குக் காய்ச்சல் அடித்தது எந்தத் தாளிலும் இல்லை. யாரும் பார்க்கவில்லை, அலமாரியிலேயே செருகியிருக்கலாம். மற்ற பத்துப் பேரை நினைத்தால் மனசு வரவில்லை. அடுக்கில் வைத்துவிட்டேன்.

அந்த வரிசைப்படி தினம் ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். போனவர்கள் ஆய்வகத்துக்குத் திரும்பவில்லை. நேற்று எட்டாவதாகப் போனது என் அறைத்தோழி. அவள் மேசையைக் காலையில் துடைத்துவிட்டார்கள்.

கவலைப்படாதீர்கள். என் கல்லூரிச் சான்றிதழ்களைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே உங்கள் பழைய புடவை ஒன்று, துவைக்க வேண்டாம்.

அலுவலக அக்கா வாசலில் வந்து நிற்கிறார். "பையையும் எடுத்துக்கிட்டே வந்துடும்மா" என்கிறார். இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்