பத்து வருடம் ஓடுவது

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் கண் புரை எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு சின்னச் சங்கதி. வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்து தகவலே இல்லாமல் போன தொழிலாளர்களை வீட்டார் தேடுவதற்கு நாங்கள் நடத்தும் இணையதளம் முடங்கிவிட்டது. சர்வரில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டதாம். புதிதாக எதைப் போடுவது என்று அறையில் தங்கியிருக்கும் எல்லாரும் கூடிப் பேசினோம். ஒன்று ஐந்து வருடம் அப்டேட் வந்து ஓடும், இன்னொன்று பத்து வருடம்.

"அஞ்சே போதும்ப்பா, அதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போயிருவோம்" என்றார் எங்கள் அறை வெல்டர்.

ஓட்டுக்கு விட்டோம். பத்துக்குத்தான் கைகள் உயர்ந்தன. வெல்டரும் தூக்கினார். நானும்.

சமைக்கும்போது நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாயே, அதைப் பதிவு செய்து அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

நான் வந்த பிறகுதான் என்று கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே, அம்மா.